மெழுகுவர்த்தியை நினைத்துக்கொள்ளுங்கள்

விருதுநகரில் எனக்குக் கிடைத்த முதல் சாப்பாடு எண்ணெயில் பொரித்த புரோட்டா. எங்கள் ஊரில் ரொட்டியைக் கல்லில் சுட்டு, தேங்காய்ச் சம்பலோடு தின்றுவிட்டு மலையேறலாம். இங்கே எண்ணெயில் முக்கி, நொறுங்கும் பதத்தில் எடுத்து, சால்னாவை ஊற்றித் தருகிறார்கள். தின்ற பிறகு மலையேற முடியாது. ஊர் சமதளமாக இருப்பதன் வசதி அப்போது புரிந்தது. பரிமாறியவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "கேரளாவா?" என்றார். இலங்கை என்றேன். "அதான பாத்தேன், பேச்சு ஒரு மாதிரி இழுக்குதேன்னு. இன்னொன்னு வைக்கவா?" என்றார். கேரளாவிலிருந்து வந்திருந்தாலும் இன்னொன்று வைத்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

நான் இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பாவும் அம்மாவும் பாடசாலை வாசலை மிதித்ததில்லை. எங்கள் வீட்டில் படித்தது நான் ஒருத்திதான். பல்கலைக்கழக வளாகம் வரை போய், உளவளத்துணையில் டிப்ளோமாவும் வாங்கியிருக்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. தோட்டத்து இளைஞர்களுக்குப் பத்து நாள் பயிற்சி கொடுத்து, மனம் நொந்தவர்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கப் பழக்குவது என் வேலை. மனநல வைத்தியர் எங்கள் பக்கம் வருவதில்லை. அவரிடம் போய்வர ஒரு முழு நாள் வேண்டும். அதனால் நாங்களே.

சிவகாசிப் பக்கத்தில், பட்டாசு வெடிவிபத்துகளில் ஆட்களைப் பறிகொடுத்தவர்களிடையே, சில இளைஞர்கள் இதே வேலையைச் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு வாரம் இருந்து பார்த்துவர அனுமதி கிடைத்தது. "கற்றுக்கொள்ள" என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். கற்றுக்கொடுக்கத்தான் போனேன்.

எங்கள் முன்னோர் இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள் என்று அப்பா சொல்வார். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியாது. நான் தேடவில்லை. அதற்காக வரவில்லை.

சிவகாசி பஸ்ஸில் சன்னலோர இடம் கிடைத்தது. இரு பக்கமும் கருவேலம் முள். இடையிடையே பட்டாசு ஆலைச் சுற்றுச்சுவர், அதற்குள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். எங்கள் லயத்தில் ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு குடும்பங்கள் சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு இருக்கும். இங்கே அறைகளே ஒன்றையொன்று பார்த்துப் பயந்து விலகி நிற்பதுபோல் இருந்தது.

பாதி வழியில் படார் என்று ஒரு சத்தம். பஸ் ஒருபுறம் சாய்ந்து நின்றது. சத்தம் எங்கள் காலடியிலிருந்துதான் வந்தது. ஆனால் பஸ்ஸில் ஒருவரும் கீழே பார்க்கவில்லை. எல்லாத் தலைகளும் சன்னல்பக்கம் திரும்பின; எல்லாக் கண்களும் வானத்தில் எதையோ தேடின. அதற்குள் நாலைந்து பேர் கைப்பேசியைக் காதில் வைத்திருந்தார்கள். "ஏ புள்ள, எங்கன இருக்க? உள்ளயா வெளியயா?" என்று ஒரு பெண் கேட்டார். கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். "டயருதாம்யா. டயரு. போன வைங்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. கைப்பேசியில் இருந்த பெண் மட்டும், "ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன். சாப்ட்டியா?" என்று பேச்சை மாற்றிக்கொண்டிருந்தார்.

திருத்தங்கலில் எனக்காகக் காத்திருந்தவள் ராமலட்சுமி. இருபத்து மூன்று வயது. அச்சகத்தில் பைண்டிங் வேலை. அவள் வயதுக்கு மீறிய அதட்டல் அவளிடம் இருந்தது. அவளோடு வந்தவன் காதர். அப்பாவுக்குச் சிவகாசியில் ஹார்டுவேர் கடை. காலையில் கடை, மாலையில் இந்த வேலை. இவர்கள் இருவரும் இன்னும் சிலரும் சேர்ந்ததுதான் அந்தக் குழு. பெயர்ப்பலகை கிடையாது. "பேரு வச்சா ரெண்டு பேரு தலைவராகணும்க்கா, எதுக்கு வம்பு" என்றான் காதர்.

டீக்கடையில் காரச்சேவும் பால் டீயும் வாங்கித் தந்தார்கள். தேயிலை எப்படி என்று காதர் கேட்டான். தூசி என்றேன். அவன் முகம் வாடியது. "எங்களுக்கும் தூசிதான் கிடைக்கும். நல்ல கொழுந்தெல்லாம் கப்பலில் போய்விடும்" என்று விளக்கியதும் தெளிந்தான். "அப்ப எங்க கதைதான். இங்கன வெடி செய்றவுக வீட்டுல தீவாளிக்கு ஒரு பொட்டி மத்தாப்புதான்" என்றான். "ஏலே, ஒங்க வீட்டுல அதுவுமில்ல" என்றாள் ராமலட்சுமி.

பிறகு அவள் செல்வியைப் பற்றிச் சொன்னாள்.

செல்விக்கு இருபது வயது. விஸ்வநத்தத்தைத் தாண்டி ஓர் ஊர். அவளும் அவள் தோழி மாரீஸ்வரியும் ஒரே ஆலையில் வேலை பார்த்தவர்கள். போன ஆடியில் நடந்த விபத்தில் மாரீஸ்வரி இறந்துபோனாள். செல்வி அன்று ஆலையில் இல்லை. அதன்பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை, வீட்டைவிட்டே வரவில்லை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் மாரீஸ்வரியின் அம்மா முகத்தை ஒரு வருடமாகப் பார்க்கவில்லை. ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

"வர்ற வெள்ளிக்கெழம மாரீஸ்வரிக்கு வருசம்" என்றாள் ராமலட்சுமி. "கல்யாணமாகாம போன புள்ளைய இங்கன கன்னியா வச்சுக் கும்பிடுவாக. புதுத்துணி, வளவி, பூவெல்லாம் வச்சுப் படைச்சு, அந்தத் துணிய அவ வயசுப் புள்ளைக்குக் குடுப்பாக. பஞ்சவர்ணத்தக்கா, அதான் அவுக அம்மா, செல்விதான் வாங்கணும்னு நிக்கிறாக. அவ வரலைன்னா வேற யாருக்கும் குடுக்க மாட்டாகளாம்."

"செல்வி என்ன சொல்கிறாள்?"

"மூணு மாசமாப் பேசி, எங்க ரூமு வாசல் வரைக்கும் கூட்டியாந்திருக்கோம். மூணு தடவ வந்திருக்கா. வாசலுகிட்டயே உக்காருவா. வாயத் தொறக்கல. வெள்ளிக்கெழம அந்த வீட்டுப் படியேறுவாளாங்கிறது எங்களுக்குத் தெரியல."

எனக்குத் தெரியும் என்று தோன்றியது. பையில் பயிற்சிக் கையேடு இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அவர்களுடைய அறை, செல்வியின் ஊரில் புழக்கத்தில் இல்லாத ஒரு பழைய நூலகக் கட்டடம். பேச வாருங்கள் என்றால் இங்கே யாரும் வருவதில்லையாம். பட்டாசுக் குழாய் சுற்ற வாருங்கள் என்றால் வருகிறார்கள். மெல்லிய கம்பியில் காகிதத்தைச் சுற்றி, பசை தடவி, உருவி எடுக்க வேண்டும். வெற்றுக் குழாய்தான். அதற்குள் போகும் வெடிப்பொடியை மருந்து என்கிறார்கள், அது ஆலையில்தான். வீட்டில் செய்யும் வேலையை எடுத்துவந்து இங்கே சேர்ந்து உட்கார்ந்து செய்கிறார்கள். ராமலட்சுமியும் காதரும் அவர்களோடு உட்கார்ந்து சுற்றுகிறார்கள். கை ஓடும்போது வாய் தானாகத் திறக்கிறது.

வாசல் நிலையில் ஒரு செம்புத் தகடு அடித்திருந்தது. உள்ளே வந்த ஒவ்வொருத்தியும் செருப்பைக் கழற்றிவிட்டு அதைத் தொட்டுவிட்டு வந்தாள். ஏன் என்று காதரிடம் கேட்டேன். ஆலையில் மருந்து அறைக்குள் போகுமுன் உடம்பில் இருக்கும் மின்சாரம் தரையில் இறங்கவேண்டும், அதற்காக வெறுங்காலோடு தகட்டைத் தொடுவார்கள் என்றான்.

"இங்கேதான் மருந்து இல்லையே?"

"இல்லதான். மொத வாரம் வந்த அம்புட்டுப் பேரும் வாசல்ல நின்னு கையால தடவித் தடவிப் பாத்தாக. உள்ள வரத் தயங்குனாக. சரின்னு எங்க அத்தா கடையிலருந்து ஒண்ணு கொண்டாந்து அடிச்சிட்டேன்."

என் குறிப்பேட்டில், "தகடு: தேவையற்ற சடங்கு" என்று எழுதிக்கொண்டேன்.

ஒன்பது பேர் வந்திருந்தார்கள். செல்வி கடைசியாக வந்தாள். மெலிந்த பெண். தகட்டைத் தொட்டுவிட்டு அதன் கீழேயே உட்கார்ந்தாள். காலை நீட்டினால் பாதம் வெளியே இருக்கும். ராமலட்சுமி என்னை அறிமுகப்படுத்தினாள். "இவுக இலங்கையில இருந்து வந்திருக்காக. நம்மள மாதிரியே வேல பாக்குறவுக. ஒங்களுக்கு ஏதோ சொல்லித் தரணுமாம்."

குழாய்களைக் கீழே வைக்கச் சொன்னேன். தோட்டத்தில் நூறு தடவை சொல்லியிருப்பேன், தூக்கத்திலும் வரும். "கண்ணை மூடுங்க. மூச்சை மெதுவா இழுங்க. உங்களுக்கு முன்னால ஒரு மெழுகுவர்த்தி எரியுது. அந்தச் சுடரை நினைச்சுக்கங்க. இப்ப அதை மெதுவா ஊதி…"

ஒன்பது பேரும் கண்ணைத் திறந்துகொண்டார்கள்.

"பொருத்துனது யாரு?" என்றார் முன்வரிசையில் இருந்த ஒரு பெண்.

"கண்ண வேற மூடச் சொல்லுது!"

"ஏத்தா, எங்கள வச்சிக்கிட்டா நெருப்பப் பத்தவைக்கிற? ஒங்க ஊரு ஃபோர்மேன் எங்க போனான்?"

அறை வெடித்துச் சிரித்தது. நானும் சிரிக்க முயன்றேன். எங்கள் மலையில் இருட்டினால் மின்சாரம் போகும். மெழுகுவர்த்தி என்றால் வெளிச்சம், அவ்வளவுதான். இந்த ஊரில் ஒரு சுடரை நினைத்துக்கொள் என்று சொல்லக்கூடாது என்பது ஒரு குழந்தைக்கும் தெரியும். கையேடு எழுதியவருக்கும் தெரியவில்லை. டிப்ளோமா வாங்கிய எனக்கும் தெரியவில்லை.

சிரிப்பு சட்டென்று அடங்கியது. எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். செல்வி இருந்த இடம் காலியாக இருந்தது. செருப்பு மட்டும் கிடந்தது.

ராமலட்சுமி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எல்லோரும் போனபிறகு செல்வியின் செருப்பை ஒரு பையில் போட்டுக் கட்டினாள். "மூணு மாசம்க்கா" என்றாள்.

புதன்கிழமை நான் செல்வி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கப்போவதாகச் சொன்னேன். "வேணாம்" என்றாள் ராமலட்சுமி. "இன்னைக்கு விட்டுருங்க. நாளைக்கு நானும் வாரேன்." அன்று முழுக்க அவள் அச்சகத்தில் இருந்தாள். காதர் என்னைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு இரண்டு வீடுகளுக்குப் போனான். பைக் வழியில் நின்றுவிட்டது. பெட்ரோல் போட மறந்திருந்தான். கருவேல நிழலில் அரை மணி நேரம் நின்றோம். எத்தனை பேருக்கு உதவி செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். எங்கள் அறிக்கைகளில் அந்தக் கட்டத்தை நிரப்பியே ஆகவேண்டும்.

"எழுதி வைக்கலக்கா. ஒரு வெடி வெடிச்சா பேனாவோட எத்தன பேரு வருவாக தெரியுமா? நாங்களும் பேனாவ எடுத்தா, அவுகளுக்குச் சொன்னதையே எங்களுக்கும் மனப்பாடமா ஒப்பிச்சிருவாக." அவன் பைக்கைச் சாய்த்து டேங்கை ஆட்டிப் பார்த்தான். "ஒங்க நோட்ட நாளைக்கு எடுத்துட்டு வராதீக."

வியாழக்கிழமை காலை குறிப்பேடு இல்லாமல் போனேன். ராமலட்சுமி பையில் செருப்பும், ஒரு கட்டுக் காகிதமும், இரண்டு கம்பிகளும் எடுத்துவந்தாள். செல்வியின் வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். குழாய்கள் ஒரு மூலையில் கூம்பாகக் குவிந்திருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தாள்.

"ஒன் செருப்ப விட்டுட்டு வந்துட்ட" என்று சொல்லிக்கொண்டே ராமலட்சுமி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன்.

"நான் பிழை விட்டுட்டேன்" என்றேன். "மெழுகுவர்த்தின்னு சொல்லியிருக்கக் கூடாது." செல்வி தலையை ஆட்டினாள். ஒத்துக்கொள்கிறாளா, போதும் என்கிறாளா, தெரியவில்லை. ராமலட்சுமி என் கையில் ஒரு கம்பியைத் திணித்தாள்.

பத்து நிமிடம் மூவரும் சுற்றினோம். நான் சுற்றிய குழாய் ஒருபக்கம் தடித்து, ஒருபக்கம் பிரிந்து வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைச் செல்வியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அக்கா, அதக் குடுங்க. இப்பிடிச் சுத்துனா வெடி மேல போகாது. பக்கத்து வீட்டுக்குள்ளதான் போகும்."

அவள் குரலை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். ராமலட்சுமி தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் அவள் கை ஒரு நொடி நின்றது.

செல்வி டீ போட்டுவந்தாள். பால் தீர்ந்துவிட்டதென்று வெறும் டீ. எங்கள் வீட்டு பிளேன்டீயேதான். தம்ளர் கையில் பிடிக்க முடியாத சூடு. நான் ஊதினேன், மெதுவாக, நீளமாக. செல்வியும் ஊதினாள். ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நீங்க சொன்னது இதத்தானா?"

"இதேதான்" என்றேன்.

"இத மொதல்லயே டீயக் குடுத்துச் சொல்லியிருக்கலாம்ல?"

ராமலட்சுமி சிரித்தாள். செல்வி சிரிக்கவில்லை. தம்ளரைக் கீழே வைத்தாள். கம்பியை எடுத்து ஒரு குழாயைச் சுற்றி முடித்தாள். அடுத்ததைத் தொடங்கியபோது, கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னைக்கு நான் லீவு போடல. எல்லாரும் லீவுன்னு நெனைக்காக. தல குளிச்சிட்டு முடி காயலன்னு நின்னேன். வேன விட்டுட்டேன். நான் வராததால அவள எடுத்து என் ரூமுல உக்கார வச்சிட்டாக." குழாயை உருவினாள். "அவ என் எடத்துல உக்காந்தா. இப்ப அவ துணிய நான் உடுத்தணுமாம்."

உன் பிழை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கையேட்டில் அந்த இடத்தில் அதுதான் இருக்கிறது. ராமலட்சுமியின் கால் என் காலை அழுத்தியது. நான் வாயை மூடிக்கொண்டு குழாயைச் சுற்றினேன். வெளியே யாரோ ஆட்டை விரட்டிக்கொண்டு போனார்கள். செல்வி இன்னும் நான்கு குழாய் சுற்றினாள். எதுவும் சொல்லாமல் இருப்பது இவ்வளவு கடினமான வேலை என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லவில்லை.

"நாளைக்கு நான் அங்க போறேன்" என்றாள் ராமலட்சுமி, எழுந்திருக்கும்போது. "பத்து மணிக்கு இந்தத் தெரு வழியாத்தான் போவேன். வந்தாலும் சரி, வராட்டாலும் சரி. நாளக்கழிச்சும் வருவேன்."

செல்வி அடுத்த காகிதத்தை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆடிக்காற்று தெருப் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. காதர் பூச்சரத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். செல்வி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ராமலட்சுமி நடையைக் குறைக்கவில்லை. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். தெருமுனையில்தான் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. செல்வி, நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்த அதே செருப்பைப் போட்டிருந்தாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. "காத்தப் பாரு" என்றான் காதர், பொதுவாக.

இரண்டு தெருவைக் கடக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. மூன்று இடங்களில் நின்றாள். அவள் நின்றபோதெல்லாம் நாங்களும் நின்றோம். கடைசியில் நின்றது மாரீஸ்வரியின் வீட்டு வாசலில்.

உள்ளே சுவரோரம் ஒரு படம். முன்னால் சர்க்கரைப் பொங்கல், வளையல்கள், மடித்த துணி. ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். செல்வி செருப்பைக் கழற்றினாள். அவள் வலது கை தானாக எழுந்து நிலைக்கட்டையைத் தொட்டது. மேலும் கீழுமாகத் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை. கை நிற்கவில்லை, மரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.

பஞ்சவர்ணம் எழுந்துவந்தார். ஒல்லியான பெண். விரல் நகங்களுக்குள் ஆலை மருந்தின் வெள்ளிநிறப் பொடி ஏறியிருந்தது. எத்தனை முறை குளித்தாலும் போகாதாம்.

"அத்த" என்றாள் செல்வி. கை இன்னும் நிலையில்தான் இருந்தது. "நான் அன்னைக்கு வேன விட்டுட்டேன்."

"தெரியும்" என்றார் பஞ்சவர்ணம். "வேன்காரரு அன்னைக்கே சொல்லிட்டாரு. அவளும் எத்தன நாளு விட்டிருக்கா. நீ அவ எடத்துல உக்காந்ததே இல்லையா?"

செல்வியும் அவள் இடத்தில் உட்கார்ந்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

பஞ்சவர்ணம் அந்தக் கையை நிலையிலிருந்து எடுத்துத் தன் கையில் பிடித்துக்கொண்டார். "இங்கன தகடெல்லாம் கெடையாது தாயி. சும்மா வா."

செல்வி படியேறினாள்.

படைத்த துணி சேலை அல்ல. கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சுடிதார். "அவ என்னைக்குச் சேல கட்டுனா? கன்னியானாலும் சுடிதாருதான்" என்றார் பஞ்சவர்ணம், எல்லோருக்குமாக. "காட்டன்தான் எடுத்தேன். பாலியஸ்டருன்னா உள்ள விடமாட்டாக." உடம்பில் மின்சாரம் ஏற்றும் பாலியஸ்டருக்கு ஆலையில் தடை என்பதை அறியாதவள் அங்கே நான் ஒருத்திதான். பெண்கள் சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்தார்கள், இரண்டையும் ஒன்றாகச் செய்தவர்களும் உண்டு. செல்வி துணியை மடியில் வைத்துக்கொண்டு பொங்கல் சாப்பிட்டாள். அழுததில் பாதிப் பொங்கல் உள்ளே போகவில்லை. உடுத்திப்பார்க்கச் சொன்னார்கள். வீட்டுக்குப் போய் உடுத்துவதாகச் சொன்னாள்.

"வீட்டுக்குப் போயா?" என்றார் பஞ்சவர்ணம். "சரி. நாளைக்கு உடுத்திட்டு இந்தத் தெரு வழியா வா. நான் பாக்கணும்."

செல்வி துணியை இன்னும் சின்னதாக மடித்தாள்.

அன்று மாலை நான் புறப்பட்டேன். காதர் ஒரு பொட்டலம் காரச்சேவும், பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு சின்னச் செம்புத் தகடும் கொடுத்தான். "ஒங்க ஊருல எதுக்கு ஆகும்னு தெரியல. கடையில இருந்துச்சு" என்றான். குறிப்பேட்டைத் திறந்து, தகட்டைப் பற்றி எழுதியிருந்த வரியை அடித்தேன். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இடத்தை அப்படியே விட்டேன். மெழுகுவர்த்திப் பக்கத்தைக் கையேட்டிலிருந்து கிழித்துவிட்டேன். எங்கள் தோட்டத்தில் டீ தாராளமாகவே இருக்கிறது.

மறுநாள் கொழும்பிலிருந்து மலையேறும் பஸ்ஸில், வளைவுகளுக்கு நடுவே ராமலட்சுமியின் குரல்செய்தி வந்தது. பின்னணியில் அச்சு இயந்திரம் தடதடத்துக்கொண்டிருந்தது. இரண்டே வரி.

"வந்தாக்கா. கத்தரிப்பூக் கலரு அவளுக்கு நல்லாத்தான் இருக்கு."